குகைக்குள் போகாத பால்காரர்

சைக்கிள் மேல் மனிதன் போவதை எந்த ஊரிலும் பார்க்கலாம். மனிதன் மேல் சைக்கிள் போவதைக் கிள்ளானில்தான் பார்த்தேன். அதுவும் தினமும் காலையில், பால் கேனோடு.

நாங்கள் குடியிருந்த ரயில்வே லயத்து வரிசை வீடுகளுக்கும் பாசார் என்கிற சந்தைக்கும் நடுவே ரயில் மேடு உயர்ந்து கிடந்தது. மேட்டைக் குடைந்து அடியில் ஒரு ரோடு போட்டிருந்தார்கள். இன்றைக்கு அதைச் சுரங்கப்பாதை என்பார்கள். எங்கள் வாயில் அது குகை. செங்கல் வளைவு, மாட்டுவண்டி வந்தால் ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அகலம், நடுவில் ஒரு வளைசல். இந்த வாசலில் நின்றால் அந்த வாசல் தெரியாது. உள்ளே எந்த நேரமும் தண்ணீர் சொட்டும், சாணி நாற்றம் அடிக்கும். ஆனாலும் பாசாருக்குப் போக அதுதான் வழி. கல்யாண ஊர்வலமும் அதற்குள்தான் போகும், பிணமும் அதற்குள்தான் போகும்.

பால்காரர் மட்டும் போக மாட்டார். அவருடைய மாட்டுக் கொட்டகை பாசாருக்குப் பின்னால் ஆற்றோரம் இருந்தது. அங்கிருந்து குகை வாசல் வரைக்கும் சைக்கிளை மிதித்து வருவார். இறங்குவார். கேனைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு, லாலான் புல்லுக்குள் கால் வைத்து மேட்டில் ஏறுவார். தண்டவாளத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்ப்பார். பிறகு எங்கள் பக்கச் சரிவில் இறங்குவார். ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்து, பாலில் குளித்து எழுந்து நின்றதையும் பார்த்தேன். சிரித்து எனக்கு வயிறு வலித்தது. மறுநாளும் மேட்டில்தான் ஏறினார்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மேட்டுப் பால்காரர் என்றால் கிள்ளானில் பாதிப் பேருக்குத் தெரியும்.

நான் கல்யாணமாகி அந்த லயத்துக்கு வந்தபோது, குகை வாசலை ஒட்டிய முதல் வீடு எங்களுக்குக் கிடைத்தது. என் புருஷனுக்கு ரயில் ரோட்டில் வேலை. வாய் பேசாத மனிதர். எனக்கோ வாய் ஓயாது. லயத்தில் சண்டை என்றால் முதலில் என்னைத்தான் தேடுவார்கள், சண்டை போடவோ தீர்க்கவோ. அதனால் பால் ஊற்ற வருகிறவரிடம் முதல் வாரமே கேட்டுவிட்டேன்.

"ஏண்ணே, குகைக்குள்ள பேய் இருக்கா?"

"பேய் இருந்தா பேசிச் சரி பண்ணிக்கலாமேம்மா" என்றார். "இது கல்லும் மண்ணும். அதுகிட்ட என்னத்தப் பேசுறது?"

உள்ளே கால் வைக்காத மனுஷனுக்குத்தான் அந்தக் குகையின் சரித்திரம் முழுக்கத் தெரிந்திருந்தது. கேட்டால் போதும், பாலை அளந்தபடியே அவிழ்த்து விடுவார். கல் இழுத்து வந்த யானை வாசலில் மண்டி போட்டுக்கொண்டு உள்ளே போக மாட்டேன் என்று முரண்டு பிடித்ததாம். எங்கள் பக்கத்துச் செங்கல் ஒரு சூளையாம், பாசார் பக்கத்துச் செங்கல் வேறு சூளையாம், இரண்டும் ஒட்டாதாம், என்றைக்காவது விட்டுப் போகுமாம். குகையைத் திறந்துவைக்க வந்த துரை கையில் பிடித்த விளக்கு வளைசலில் அணைந்து, ஏற்ற ஏற்ற அணைந்ததாம்.

என் தம்பி அப்போது மேருப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தான். லீவு கிடைத்தால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். அவனுக்கும் பால்காரருக்கும் அப்படி ஒரு பொருத்தம்.

"போன மாசம் யானைன்னீங்க. இப்ப துரைங்கிறீங்க. எதுண்ணே நெசம்?"

"யானை மேலதான்டா துரை உக்காந்திருந்தான்."

"அப்ப விளக்கு?"

"அது தும்பிக்கையில இருந்துச்சு. போடா, வந்துட்டான் லாயர்."

தம்பி விட மாட்டான். மேட்டுச் சரிவில் அவர் சைக்கிளைத் தூக்கும் நேரம் பார்த்து, குகைக்குள்ளே ஓடிப்போய் அங்கிருந்து கத்துவான். "அண்ணே, குகை உங்களை விசாரிக்குது! எப்ப வராருன்னு கேக்குது!" குரல் உள்ளே உருண்டு உருண்டு வரும். லயமே சிரிக்கும். அவரும் சிரிப்பார். ஆனால் சிரிக்கும்போது தோளில் இருக்கிற சைக்கிள் லேசாக ஆடும். அதை நான் கவனித்திருக்கிறேன்.

எந்தக் கதையிலும் ஒரே ஒரு இடம் மட்டும் மாறாது. "தோண்டினது யாருங்கிற? நம்ம ஆளுங்கதான். கப்பல்ல வந்து இறங்குன ஈரம் காயறதுக்குள்ள மண்வெட்டியக் கையில குடுத்துட்டாங்க. தோண்டிக்கிட்டு இருக்கிறப்ப ஒருநாள் மண்ணு சரிஞ்சிச்சு." இந்த இடம் வந்ததும் கேனை மூடிவிடுவார். நேரமாச்சு என்று கிளம்பிவிடுவார்.

குகை மட்டும் இல்லை. வீட்டுக்குள் வந்து ஒரு வாய் காப்பி குடியுங்கள் என்றால் வாசலிலேயே நின்று குடிப்பார். கோயிலில் கொடிமரத்தைத் தாண்ட மாட்டார். சாமி அவருக்குத் தூரத்துச் சொந்தம் என்று தம்பி சொல்வான். தூங்குவது கொட்டகைக்கு வெளியே, மாட்டுக்குப் பக்கத்தில், கயிற்றுக் கட்டிலில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "பொண்டாட்டி வந்தா கதவைச் சாத்தச் சொல்லுவா" என்பார். எல்லோரும் அதை வேடிக்கைப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டோம்.

ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரன் போன வேகத்தைப் பார்த்து வாய் பிளந்தோம், பிறகு அந்த வாய்க்குப் போட ஒன்றும் இல்லை. அரிசி மறைந்தது. மரவள்ளிக் கிழங்கே சோறு, கிழங்கே பலகாரம், கிழங்கே விரதம். சிப்பாயைக் கண்டால் இடுப்பு வரை குனிய வேண்டும். குனிய மறந்த ஒரு சீனக் கிழவர் பாசார் வாசலில் அறை வாங்கி விழுந்ததை நான் பார்த்தேன். பால்காரரின் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். நோஞ்சான் என்று ஒன்றை மட்டும் விட்டுவைத்தார்கள். டயருக்குள் போட ட்யூப் கிடைக்கவில்லை, ரப்பரைக் கயிறு மாதிரி திரித்துச் சுற்றிக்கொண்டார். சைக்கிள் கடகடவென்று வரும். அப்போதும் அது மேட்டில் அவர் தோளில்தான் ஏறியது.

தோட்டங்களில் வேலை நின்றதும் தம்பி எங்களோடு வந்து தங்கிவிட்டான். அதே சமயம்தான் சயாமுக்கு ஆள் பிடிக்கிற பேச்சு வந்தது. காட்டை வெட்டி ரயில் போடுகிறார்களாம், போனவன் ஒருவனும் திரும்பவில்லையாம். என் புருஷன் ரயில்வே ஆள் என்பதால் கையில் ஒரு பட்டைத் துணி கட்டிவிட்டிருந்தார்கள், அவரைத் தொட மாட்டார்கள். தம்பிக்கு எந்தப் பட்டையும் இல்லை. லோரிச் சத்தம் கேட்டால் அவன் கொல்லைப்புறம் ஓடி ஒளிவான். 

ஒரு காலையில் பாசாரில் அரிசி போடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே யாரோ ஓடினார்கள். யார் முதலில் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. அரிசி! கேட்டதும் லயத்து ஆம்பிளைகள் கையில் கிடைத்த சாக்கையும் பையையும் எடுத்துக்கொண்டு குகைக்குள் ஓடினார்கள். தம்பியும் என் தலையணை உறையை உருவிக்கொண்டு ஓடினான். "அக்கா, இன்னைக்கு நெய்ச்சோறுலா!" நெய்க்கு எங்கே போவான்? அது கூடத் தோன்றாத வயது.

அவர்கள் உள்ளே போனதும், ரயிலுக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்பு வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு லோரி வந்து எங்கள் பக்க வாசலை அடைத்து நின்றது. பாசார் பக்க வாசலில் முன்பே ஒன்று நின்றிருக்கிறது. குழாயடியில் இருந்தவள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். சிப்பாய் துப்பாக்கிக் கத்தியை நீட்டினான். உள்ளே இருந்து கூச்சல் வந்தது. எல்லாக் குரலும் அந்த வளைசலில் இடித்துக் கலந்து வந்தன. எது என் தம்பி குரல் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. பாசார் பக்கமாக ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

எத்தனை வீடு அழுதது என்று சொல்ல மாட்டேன். லயமே அழுதது. அழுது ஓய்ந்ததும் பேச்சு ஆரம்பித்தது. இந்த நேரத்தில் ஆம்பிளைகள் குகைக்குள் இருப்பார்கள் என்று ஜப்பான்காரனுக்கு எப்படித் தெரியும்? யாரோ சொல்லியிருக்க வேண்டும். யார்? அன்றைக்கு உள்ளே போகாதவன் யார்? எந்த நாளும் உள்ளே போகாதவன் யார்? பயம் என்று சொல்லிக்கொண்டிருந்தது நடிப்பு. கிண்டல் செய்த பையன்களைப் பழி வாங்கிவிட்டான். மாட்டைக்கூட ஒன்று விட்டுவைத்தானே, அது சும்மாவா?

நான் அதை நம்பவில்லை. நம்பியிருந்தால் அவர் குடலை உருவியிருப்பேன். அவரோ அதற்குப் பிறகு கதை சொல்வதை விட்டுவிட்டார். பால் ஊற்றுவார், என் முகத்தைப் பார்க்காமல் போவார். பாதி வீடுகள் அவரிடம் பால் வாங்குவதை நிறுத்திவிட்டன. தம்பி நினைவில்தான் இப்படி ஆகிவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன். அவரைத் தேற்றக்கூடச் செய்தேன். "வந்துருவான்ணே, அழாதீங்க" என்று நான் அவருக்குச் சொன்னேன். கேட்டீர்களா, நான் அவருக்கு!

அடுத்த வருஷக் கடைசியில் எனக்குப் பெண் பிறந்தது. கிழங்கு தின்ற உடம்பில் பால் எங்கே ஊறும்? அந்த நோஞ்சான் மாட்டின் பால்தான் அவளை வளர்த்தது. மழைக்காலம் அது. ஒருநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாசார் பக்கத்து மருத்துவரிடம் காட்டிவிட்டுக் குகை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றுகிறது, ஆற்றிலும் பெருக்கு. குகைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். போய்விடலாம் என்று நடந்தேன். வளைசலுக்கு வந்தபோது ஓரத்துச் சாக்கடையின் இரும்பு மூடிக்குள் என் கால் இறங்கி மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகுகிறது. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கத்தினேன். அந்த மழையில் யாருக்குக் கேட்கும்?

ஒரு அழுகைச் சத்தம் கேட்டது. பிள்ளை அழுகிறது என்று நினைத்தேன். பிள்ளை இல்லை. பாசார் பக்கமிருந்து ஒரு ஆம்பிளை "அம்மா, அம்மா" என்று சின்னக் குழந்தை மாதிரி ஓலமிட்டுக்கொண்டு வருகிறார். பால்காரர். மேட்டில் ஏற வந்தவருக்கு என் கத்தல் கேட்டிருக்கிறது. சுவரைத் தடவித் தடவி வருகிறார். கண் இரண்டும் இறுக மூடியிருக்கின்றன.

"கண்ணத் தொறங்கண்ணே! நான் இங்க இருக்கேன்!"

"தொறந்தா ஓடிருவேன். பேசிக்கிட்டே இரு. பேச்சு வர்ற பக்கம் வரேன்."

பேசினேன். என்ன பேசினேனோ தெரியாது. வந்தார். தண்ணீருக்குள் முழுகி, மூடியை இரண்டு கையாலும் நெம்பி, என் காலை விடுவித்தார். விரல் எல்லாம் ரத்தம். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணைத் திறக்காமலே, என் கையைப் பிடித்துக்கொண்டு பாசார் பக்க வாசலுக்கு வந்து சேர்ந்தார். வெளியே வந்ததும் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு வாந்தி எடுத்தார்.

அப்போதுதான் சொன்னார். "அப்பாவுக்குக் கஞ்சி கொண்டு போனேன் தங்கச்சி. சின்னப் புள்ள. மண்ணு சரிஞ்சிருச்சு. மூஞ்சி மட்டும் வெளிய இருந்துச்சு எனக்கு. உள்ள அப்பா என் கையப் புடிச்சிருந்தாரு. தோண்டி எடுக்கிற வரைக்கும் புடிச்சிருந்தாரு. கை சூடு போனது எனக்குத் தெரிஞ்சிச்சு."

யானையும் துரையும் எதற்கு வந்தார்கள் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. நான் அழுதுவிட்டேன்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் உள்ள வந்தத யாருகிட்டயும் சொல்லாத. ஏற்கெனவே என்ன பேசுறாங்கன்னு தெரியும்ல. பயம்னு சொன்னது பொய்ன்னு ஆயிரும். என் தலை போயிரும்." புருஷனிடம்கூட நான் சொல்லவில்லை. என் வாய் ஒரு விஷயத்தைக் காத்தது என்றால் அது ஒன்றுதான்.

ஜப்பான்காரன் தோற்றான். வெள்ளைக்காரன் திரும்பி வருவதற்குள் ஒரு இடைவெளி. அந்த நாட்களில், ஜப்பான்காரனை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருந்த ஆட்கள் துப்பாக்கியோடு இறங்கி வந்தார்கள். ஜப்பான்காரனுக்குக் காட்டிக் கொடுத்தவர்களைப் பெயர் கேட்டு, லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏறினவர்கள் திரும்பியதில்லை.

கோயில் தலைவர் லயத்துக்காரர்களை ஒரு மத்தியானம் கோயில் முற்றத்தில் கூட்டினார். நல்ல மனிதர்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"நாளைக்கு லோரி வருது. குகையில ஆள் காட்டினவன் பேரு வேணுமாம். கொடுத்தா அவன் உசிரோட திரும்ப மாட்டான். அதனால யோசிச்சுப் பேசுங்க."

யோசிக்க யார் இருந்தார்கள்? மகனைப் பறிகொடுத்த ஒரு அம்மா எழுந்து மாரில் அடித்துக்கொண்டார். "எம் மவன் உள்ள போனான், இவன் மேல நின்னான்! இன்னும் என்னய்யா யோசன?"

பால்காரர் கொடிமரத்துக்கு வெளியே நின்றிருந்தார். கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு. நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தேன்.

"இவருக்கு நடிக்கத் தெரியுமா? சட்டையக் கழட்டச் சொல்லித் தோளப் பாருங்க. சைக்கிளத் தூக்கித் தூக்கி மாட்டுக் கழுத்து மாதிரி காய்ச்சுப் போயிருக்கு. ஜப்பான்காரன் வர்றதுக்கு எத்தனையோ வருஷம் முன்னயிருந்து தோள் காய்க்க நடிச்சாராமா? போங்க, பேச வந்துட்டீங்க! என் தம்பியும்தான் போனான். நான் சொல்றேன், இவருக்குக் குகைன்னா உசுரு போற பயம். ஒருநாளும் உள்ள கால் வெச்சதில்ல."

கூட்டம் கொஞ்சம் அடங்கியது. அந்த அம்மா அடங்கவில்லை. "வெள்ளத்தன்னைக்கு இவன் குகை வாசல்ல முழுகின கோழியாட்டம் நின்னத எங்க வீட்டு ஆளு பாத்தாரு. நீயும்தான் கூட நின்ன. ஒருநாளும் போனதில்லங்கிறியே, கற்பூரத்த அணைச்சுச் சொல்லு!"

தலைவர் என்னைப் பார்த்தார். அந்த லயத்தில் கற்பூரம் அணைத்துச் சொன்ன சொல்லுக்கு மேல் பேச்சு கிடையாது. பொய்ச் சத்தியம் செய்தால் பெற்ற பிள்ளையைத் தாக்கும் என்பார்கள். சூடத்தட்டைக் கொண்டு வந்தார்கள். ஏற்றினார்கள். என் பிள்ளை அந்த வெளிச்சத்தைப் பிடிக்கக் கையை நீட்டுகிறாள்.  ஆனாலும் அணைக்கத்தான் போனேன். இந்தப் பிள்ளை உயிரோடு இருப்பதே அவரால்தானே, சாமி கணக்குப் பார்த்தால் அதையும் பார்க்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கையை நீட்டினேன்.

"வேணாம் தங்கச்சி!"

அவர் கொடிமரத்தைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். "புள்ளய வெச்சுக்கிட்டுப் பொய்ச் சத்தியம் பண்ணாத. நான் உள்ள போனேன். வெள்ளத்தன்னைக்குப் போனேன்."

முற்றமே ஓவென்று எழுந்தது. அவர்தான் என் காலையும் பிள்ளையையும் மீட்டார் என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். யார் காதில் விழுந்தது? "அன்னைக்குப் போனவன் அரிசியன்னைக்கு ஏன் போகல?" என்று ஒரே சத்தம்.

தலைவர் கையை உயர்த்தி அடக்கினார். "நீயே சொல்லு. ஆள் காட்டினியா?"

"இல்ல." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பாவி மனிதர் நிறுத்தவில்லை. அது வரைக்கும் ஆயிரம் கதை சொன்னவர், அன்றைக்கு ஒன்றை நேராகச் சொன்னார். "பால் ஊத்திட்டுத் திரும்பி மேட்டுல ஏறினேன். மேல நின்னா ரெண்டு பக்கமும் தெரியும்ல. பாசார் பக்கம் லோரி நிக்குது, சிப்பாய்ங்க குனிஞ்சு உக்காந்திருக்காங்க. இந்தப் பக்கம் பம்பு வீட்டுக்குப் பின்னால ஒண்ணு. எனக்குப் புரிஞ்சிருச்சு. பசங்க இன்னும் உள்ள போகல. ஓடி வந்துக்கிட்டு இருக்கானுங்க. ஒரு சத்தம் போட்டிருந்தா நின்னிருப்பானுங்க. என்னைச் சுட்டுருவாங்கன்னு பயந்துட்டேன். லாலானுக்குள்ள படுத்துக்கிட்டேன். வாயத் தொறக்கல."

பிறகு என் பக்கம் திரும்பினார். "உன் தம்பிதான் முன்னால ஓடினான் தங்கச்சி. மேல பாத்து எனக்குக் கையாட்டிட்டு ஓடினான்."

 பிள்ளையை இறக்கி என் புருஷன் கையில் கொடுத்தேனா, அவர் வாங்கிக்கொண்டாரா, நினைவில்லை. அவன் முகத்தை நான் பார்க்கவில்லை என்று அழுதேனே, கடைசியாகப் பார்த்த ஆள் இதோ நிற்கிறார். தினமும் என் வாசலில் நின்றார். நான் அவரைத் தேற்றினேன்.

தலைவர் மெல்லச் சொன்னார். "அம்மா, உன் தம்பி போனவன். உன் பிள்ளை இவரால பொழைச்சது. ரெண்டும் உன் வீட்டுலதான் இருக்கு. நீ சொல்லு. பேரக் கொடுக்கவா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் பார்க்கவில்லை. தட்டில் கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கொடுங்கள் என்று சொல்ல நாக்கு எழும்பியது, பொய் சொல்ல மாட்டேன். அப்படி ஒரு வெறி வந்தது எனக்கு. ஆனால் கேட்ட கேள்வி அது இல்லையே. காட்டிக் கொடுத்தவன் பெயரைத்தானே கேட்கிறார்கள்.

கையை நீட்டிக் கற்பூரத்தை அணைத்தேன். உள்ளங்கை பொரிந்தது.

"இவர் காட்டிக் கொடுக்கல. பயந்தாங்கொள்ளி. அவ்வளவுதான். இது சத்தியம்."

சத்தியத்துக்கு மேல் யாரும் பேசவில்லை. அந்த அம்மா மட்டும் தரையில் உட்கார்ந்து அழுதார். மறுநாள் லோரி வந்தது. தலைவர் வெறும் கையை விரித்தார். அது வேறு ஊருக்குப் போய்விட்டது.

அதற்கு அடுத்த நாள் காலையில் என் வாசலில் "தங்கச்சி, பால்" என்று குரல் கேட்டது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். திறக்காமல் கையை எடுத்துக்கொண்டேன். பிள்ளைக்குப் பால் வேண்டும். மறுக்கிற நிலையில் நான் இல்லை. அன்றிலிருந்து சொம்பை முன்கூட்டியே வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஊற்றுவார். காலடிச் சத்தம் போன பிறகு எடுப்பேன். காய்ச்சி என் பிள்ளைக்குக் கொடுப்பேன்.

சில மாதம் கழித்துச் சயாமிலிருந்து மிஞ்சினவர்கள் எலும்பும் தோலுமாக வந்தார்கள். ஒருவர் என் தம்பியோடு ஒரே கொட்டகையில் படுத்தவர். காலராவில் போய்விட்டான் என்றார். போகிற வரைக்கும் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான் என்றார். மேட்டுப் பால்காரர் மாதிரி கதை சொல்லிக் காட்டுவானாம்.

சேதி அவருக்கும் போயிருக்கும். மறுநாள் பால் ஊற்றினார். காலடிச் சத்தம் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தார். மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது.

"தங்கச்சி. திட்டவாவது செய்யும்மா. ஒரு வார்த்த. நல்லா நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி திட்டேன். நீ திட்டினா நான் போயிடுறேன்."

அவர் காட்டிக் கொடுக்கவில்லை என்று இன்றைக்குக் கேட்டாலும் சத்தியம் செய்வேன். அவர் வராமல் இருந்திருந்தால் எனக்குப் பிள்ளை இல்லை, நானும் இல்லை. எல்லாம் தெரியும் எனக்கு. திட்டினால் அவர் மனசு ஆறிவிடும் என்பதும் தெரிந்தது.

வெயில் ஏறும் வரைக்கும் அவர் நின்றார். நான் கதவோடு ஒட்டி நின்றேன். வாயைத் திறக்கவில்லை.